இழை போடுமுன் கேட்க வேண்டியவை: இளைஞர் வன்முறை பற்றிச் சுகாதாரப் பணியாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாண மாவட்டத்தின் வைத்தியசாலைகள், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள், தனியார் கிளினிக்குகள், பல் சிகிச்சை நிலையங்கள் ஆகியவற்றில் வேலை செய்பவர்களுக்காக இது எழுதப்பட்டது. வாள்வெட்டு பத்திரிகையில் முதற்பக்கச் செய்தியாக வருவதற்குப் பல மாதங்கள் முன்பே அதே பொடியன் கிழிந்த உதட்டோடோ வீங்கிய கையோடோ ஏதாவது ஒரு ஓ.பி.டி. வரிசையில் நின்றிருக்கக்கூடும். அந்த வரிசையில் என்ன செய்யலாம் என்பதுதான் இங்கே பேச்சு.

வாள்வெட்டு மட்டும்தானா இளைஞர் வன்முறை?

இல்லை. 10 முதல் 29 வயது வரையானவர்களிடையே நடக்கும் வன்முறையை உலக சுகாதார நிறுவனம் இந்தப் பெயரால் குறிக்கிறது. பாடசாலையில் தொடர்ந்து சீண்டுவது, ரியூட்டரி வாசலில் கைகலப்பு, கோயில் திருவிழா இரவில் போத்தலால் அடிப்பது, பகிடிவதை, காதலை மறுத்த பெண்பிள்ளையை மிரட்டுவது, குழுவாகப் போய் வீடு புகுந்து வெட்டுவது எல்லாம் இதற்குள் வரும். வெட்டுக் காயத்துக்கு மட்டும் விழித்துக்கொள்ளும் பிரிவு மற்றவற்றைத் தவறவிடும். தடுக்கக்கூடிய கட்டம் பெரும்பாலும் அந்த மற்றவற்றில்தான் இருக்கிறது.

பொலிஸாரின் வேலையை ஏன் எங்கள் தலையில் கட்டுகிறீர்கள்?

புலனாய்வு உங்கள் வேலையல்ல. யார் வெட்டியது என்று கண்டுபிடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் பொலிஸ் நிலையப் படியேறாத காயங்கள் வைத்தியசாலைப் படியேறும். பழிவாங்கலுக்குப் பயம், பொலிஸ் மீது நம்பிக்கையின்மை, தானும் அடித்தவன் என்பதால் வாய் திறக்காமை எனக் காரணங்கள் பல.

வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் முகவாய் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஜொனதன் ஷெப்பேர்ட் இதைக் கவனித்துத் தொடக்கிய முறை இன்று பல நாடுகளில் கையாளப்படுகிறது. அடிபட்டு வருபவரிடம் அவசர சிகிச்சைப் பிரிவின் வரவேற்பு எழுதுவினைஞரே எந்த இடம், எத்தனை மணி, எந்த ஆயுதம், எத்தனை பேர் என்று கேட்டுப் பதிவார். பெயர் நீக்கிய அந்தத் தரவு பொலிஸாருக்கும் நகரசபைக்கும் போகும். அதை வைத்து ரோந்து நேரத்தை மாற்றினார்கள். மதுச்சாலைகளில் கண்ணாடிக் குவளைக்குப் பதிலாக உடையாத குவளை வந்தது. 14 ஒத்த நகரங்களோடு ஒப்பிட்டு 2011இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஆய்வு, வன்முறைக் காயங்களுக்காக வார்ட்டில் அனுமதிக்கப்படுவோர் தொகை கார்டிஃப்பில் 42 சதவீதம் குறைவு என்று காட்டியது.

இதற்குப் புதிய கணினியோ நிதியோ வேண்டாம். பி.எச்.ரி.யில் (நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேட்டில்) "தாக்கப்பட்டார்" என்று ஒரு சொல்லில் முடிக்காமல், எந்தச் சந்தி, எத்தனை மணி, எதனால், எத்தனை பேர் என்ற நான்கையும் எழுதினால் போதும். மூன்று மாதப் பதிவை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரே மதவடியும் ஒரே நேரமும் திரும்பத் திரும்ப வரும். அதைப் பிரதேச செயலகக் கூட்டத்தில் வைக்கலாம். அங்கிருந்து ஒரு தெருவிளக்கு வரலாம், ரியூட்டரி விடும் நேரம் மாறலாம். ஒரு எச்சரிக்கை: சிறிய ஊரில் வயது, திகதி, கிராமம் மூன்றும் சேர்ந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். வெளியே கொடுக்கும் அட்டவணையில் வயதை 15–19 என்பதுபோலத் தொகுத்தே போடுங்கள்.

எந்தக் காயங்களைக் கண்டால் சந்தேகிக்க வேண்டும்?

முதலில் கையைப் பாருங்கள். நடுவிரல், மோதிரவிரல் மொளியின் மேல் சில மில்லிமீற்றர் நீளத்தில் ஒரு சின்னக் காயம் இருந்து, "தகரம் வெட்டினது" என்று சொன்னால், அது எதிராளியின் பல் பட்ட காயமாக இருக்கலாம். விரலை நீட்டி வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முட்டி பிடித்த நிலையில்தான் பல் உள்ளே போயிருக்கும். விரல் நீளும்போது தசைநாணில் உள்ள வெட்டு மேலே நகர்ந்து மறைந்துவிடும். ஆகவே முட்டி பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். எக்ஸ்ரே எடுங்கள், பல் துண்டோ மூட்டு முறிவோ இருக்கலாம். இழை போட்டு மூடாதீர்கள். நன்றாகக் கழுவி, நுண்ணுயிர் எதிர்ப்பி தொடங்கி, ஏற்புத் தடுப்பூசி நிலையைப் பார்த்து, சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புங்கள். மூடிவிட்டால் இரண்டு நாளில் மூட்டுக்குள் சீழ் வைத்து விரலே மடங்காமல் போகும்.

சின்னவிரல் பக்க அங்கை எலும்பின் கழுத்தில் முறிவு என்றால் பெரும்பாலும் எதையோ குத்தியிருக்கிறார். சுவரில் குத்தினேன் என்பது உண்மையாகவும் இருக்கலாம். அப்போதும் கேளுங்கள்: சுவருக்குப் பதிலாக ஆரைக் குத்த நினைச்சனீர்?

முன்னங்கையின் சின்னவிரல் பக்க விளிம்பு, உள்ளங்கை, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சவ்வு ஆகிய இடங்களில் உள்ள வெட்டு, தடுக்கக் கை தூக்கியதைச் சொல்லும். இரண்டு சிவந்த கோடுகளும் நடுவில் வெளிறிய தோலும் இருந்தால் பொல்லாலோ வயராலோ விழுந்த அடி. மோட்டார் சைக்கிளால் விழுந்தேன் என்பவரிடம் முழங்கால், முழங்கை, உள்ளங்கையில் உராய்வும் அதற்குள் மண்ணும் கல்லும் இல்லாமல், முதுகில் மட்டும் நேர்விளிம்பு வெட்டு இருந்தால் கதை பொருந்தவில்லை. மண்டையில் காயம் என்றால் விளிம்பை விரித்துப் பாருங்கள்: உள்ளே இழைபோலத் தசைப் பாலங்கள் குறுக்கே நின்றால் மொட்டையான பொருளால் பிளந்தது, அப்படி நிற்காமல் சுத்தமாக எலும்புவரை போனால் கூரான ஆயுதம். கண்டலின் நிறத்தை வைத்து எத்தனை நாள் என்று சொல்லப் போகாதீர்கள். அந்தக் கணக்கு நம்பத்தகாதது.

இடது முன்னங்கையில் சமாந்தரமான மேலோட்டமான கீறல்கள் பல இருந்தால் வேறு பேச்சு தேவை. மற்றவரை அடிக்கும் பிள்ளையும் தன்னை வெட்டும் பிள்ளையும் பல தடவை ஒரே பிள்ளைதான். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. உளநலப் பிரிவுக்கு அன்றே காட்டுங்கள். தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926ஐக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

"விழுந்தேன்" என்றே சொல்கிறார். எப்படிக் கேட்பது?

முதல் வேலை, கூட வந்தவர்களை வெளியே அனுப்புவது. தாய் இருந்தாலும் நண்பர் இருந்தாலும் உண்மை வராது. சில வேளை அந்த நண்பரே அடித்த தரப்பாக இருப்பார். "மருந்து கட்டுற இடத்தில ஒராள்தான் நிக்கலாம், வெளியில இருங்கோ" என்றால் யாருக்கும் சந்தேகம் வராது.

"ஆர் அடிச்சது?" என்று தொடங்காதீர்கள். அது பொலிஸ் கேள்வி. கேட்டவுடன் வாய் பூட்டிக்கொள்ளும். இப்படி வரலாம்: "தம்பி, இப்பிடியான காயத்தோட வாற எல்லாரிட்டையும் நாங்கள் இதைக் கேக்கிறனாங்கள். இதைச் செய்தவையை உமக்குத் தெரியுமோ, தெரியாதோ? பெயர் வேண்டாம்." பிறகு, "இது இதோட முடிஞ்சுதோ, இன்னும் இருக்கோ?" பிறகு, "இண்டைக்கு வீட்டை போற வழியில பயமில்லையோ?" மூன்றாவது கேள்விக்கு வரும் மௌனம் போதுமான பதில்.

தனிமையில் சொன்னதை யாருக்குச் சொல்வீர்கள், யாருக்குச் சொல்லமாட்டீர்கள் என்பதைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். உயிராபத்து அல்லது சிறுவர் துஷ்பிரயோகம் என்றால் மறைக்க முடியாது என்று நேராகச் சொன்னால் பொடியள் மதிப்பார்கள். இரகசியம் என்று சத்தியம் பண்ணிவிட்டுப் பிறகு பொலிஸைக் கூப்பிட்டால் அந்த ஊரிலிருந்து அடுத்த பத்துப் பேர் உங்களிடம் உண்மை சொல்லமாட்டார்கள்.

யார் கூடுதல் ஆபத்தில் இருக்கிறார்கள்?

ஒரு முறை அடிபட்டு வந்தவர்தான் முதலாவது. பழைய தழும்புகளை எண்ணுங்கள். அதற்குப் பிறகுதான் பாடசாலை இடைவிலகல், மது, ஐஸ் (மெத்தம்பெற்றமின் போதைப்பொருள்), ஹெரோயின், மாவா, போதை மாத்திரை, வீட்டுக்குள் அடி உதை, பயத்துக்காகக் கத்தி வைத்திருப்பது எல்லாம். கையிலே பணமில்லாத பொடியனிடம் திடீரென விலையுயர்ந்த போன் இருப்பதும், "அண்ணை" என்று யாரையோ அடிக்கடி சொல்வதும் கவனிக்க வேண்டியவை. போதைப்பொருள் பாவிப்பவரிடம் "எவ்வளவு பாவிக்கிறீர்?" என்பதோடு நிறுத்தாமல் "ஆருக்கும் காசு குடுக்கக் கிடக்கோ?" என்றும் கேளுங்கள். பல வெட்டுகளின் வேர் அந்தக் கடனில் இருக்கிறது.

2009க்கு முன் பிறந்து போரைக் கண்டவர்களையும், போரே தெரியாமல் அதைச் சுமந்த பெற்றோரிடம் வளர்ந்தவர்களையும் ஒரே கூடைக்குள் போடாதீர்கள். தலைமயிர் வெட்டையும் பச்சை குத்தலையும் வைத்து ஆளை எடைபோடுவது இன்னும் மோசம். அப்படி எடைபோடும் வார்ட்டுக்கு உண்மையில் உதவி தேவைப்படுபவர் இரண்டாம் முறை வரமாட்டார்.

எம்.எல்.ஈ.எஃப். விடயத்தில் எங்கே பிழைக்கிறது?

சட்ட மருத்துவப் பரிசோதனைப் படிவம் வந்தால் சட்ட வைத்திய அதிகாரி பிறகு பார்த்து எழுதிக்கொள்வார் என்று நினைத்து, குறிப்பு எழுதாமலே இழையைப் போட்டுவிடுகிறோம். இழை போட்ட பிறகு விளிம்பு எப்படி இருந்தது, மூலைகள் கூரா மொட்டையா என்று யாராலும் சொல்ல முடியாது. உயிருக்கு அவசரமில்லாவிட்டால் மூடுமுன் இரண்டு நிமிடம் எடுத்து எழுதுங்கள்: எலும்பு அடையாளம் ஒன்றிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர் தள்ளி, நீளம் எவ்வளவு, விளிம்பு நேரா கிழிசலா, உள்ளே எலும்போ தசைநாணோ தெரிகிறதா. "பெரிய வெட்டு" என்பது அளவல்ல. அளவுகோல் வைத்துப் படம் எடுப்பதானால் சம்மதம் வாங்குங்கள்; சொந்தப் போனில் எடுத்து வட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தை விடுங்கள்.

உடுப்பைக் கத்தரிக்கும்போது வெட்டு விழுந்த ஓட்டைக்கு ஊடாக வெட்டாதீர்கள். ஈர உடுப்பைப் பொலித்தீன் பையில் போட்டால் பூஞ்சணம் பிடித்துச் சான்று அழியும். காயவைத்துக் கடதாசிப் பையில் போட்டு, யார் யாரிடம் ஒப்படைத்தது என்று எழுதுங்கள்.

பல் உடைவதைச் சின்ன விடயமாக விட்டுவிடாதீர்கள். தண்டனைச் சட்டக் கோவையின் 311ஆம் பிரிவில் எலும்பு முறிவைப் போலவே பல் முறிவும் கடுங்காயத்துக்குள் அடங்கும். பல் வைத்தியரின் குறிப்பு வழக்கின் திசையையே மாற்றலாம்.

அன்றிரவே வீட்டுக்கு அனுப்பலாமா?

மருத்துவ ரீதியாக அனுப்பலாம் என்பது அரைப் பதில்தான். பழிவாங்கல் சூடு ஆறாத முதல் ஓரிரு நாட்கள் மிக ஆபத்தானவை. அனுப்புமுன் நான்கு விடயம் தெரிய வேண்டும்: எங்கே படுக்கப் போகிறார், யாரோடு போகிறார், எதிர்த் தரப்புக்கு அந்த வீடு தெரியுமா, இவரே திருப்பி அடிக்கத் திட்டம் வைத்திருக்கிறாரா. வீடு தெரியுமென்றால் வேறு ஊரில் ஒரு மாமா, சித்தி வீடு இருக்கா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரு இரவு கண்காணிப்பில் வைத்திருப்பதற்கு வைத்திய நிபுணரிடம் காரணத்தோடு சொல்லுங்கள். தலையில் அடியென்றால் அதற்கு மருத்துவக் காரணமும் இருக்கும்.

திருப்பி அடிக்கப் போகிறேன் என்று பெயரோடு சொன்னால் அது கோபப் பேச்சா திட்டமா என்று பிரித்துப் பாருங்கள். ஆள், ஆயுதம், நேரம் மூன்றும் தயாராக இருந்தால் உங்கள் மேலதிகாரியிடமும் வைத்தியசாலைப் பொலிஸ் காவலரணிலும் அறிவிக்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது.

எதிர்த் தரப்பு வார்ட்டுக்கே வந்துவிட்டால்?

வருவார்கள் என்று நினைத்தே ஏற்பாடு செய்யுங்கள். காயப்பட்ட இரு தரப்பையும் ஒரே வார்ட்டில் போடாதீர்கள். கட்டிலில் பெயர் அட்டையைத் திருப்பி வையுங்கள். போனில் யார் கேட்டாலும் வார்ட் இலக்கம் சொல்ல வேண்டாம் என்று சிற்றூழியருக்கும் வாசல் காவலருக்கும் சொல்லி வையுங்கள். தகவல் கசிவது பெரும்பாலும் அவர்கள் வழியாக. கெட்ட எண்ணத்தில் இல்லை, "என்ர தம்பி" என்று கேட்பவர்மீது இரக்கப்பட்டு. குழுவாக வந்தால் நீங்கள் மறிக்கப் போகாதீர்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119.

ஐஸ் பாவித்துவிட்டு ஆவேசமாக இருப்பவரை என்ன செய்வது?

ஒருவர் மட்டும் பேசுங்கள், தாழ்ந்த குரலில், கதவு உங்கள் பின்புறம் இருக்க. மேசையிலுள்ள கத்தரிக்கோலை எடுத்து வையுங்கள். குருதிக் குளுக்கோசும் உடல் வெப்பமும் நாடித்துடிப்பும் பார்க்காமல் "போதை" என்று முடிவு கட்டாதீர்கள்: சீனி குறைந்தவரும் தலைக்குள் இரத்தம் கசிபவரும் இப்படித்தான் கத்துவார்கள். ஐஸில் உயிரை எடுப்பவற்றில் ஏறிப்போகும் உடல் வெப்பமும் ஒன்று. பிடிக்க வேண்டி வந்தால் குப்புறப் போட்டு முதுகில் அமர வேண்டாம், மூச்சு நிற்கும். அமைதிப்படுத்தும் மருந்து பிரிவின் நடைமுறைப்படி, பெரும்பாலும் பென்சோடயசெபீனில் தொடங்கும்.

ஹெரோயினை ஊசியால் ஏற்றுபவர் காய்ச்சலோடு வந்தால் பரசிற்றமோல் கொடுத்து அனுப்புவது பெரிய பிழை. இதய வால்வில் கிருமி தொற்றியிருக்கலாம். அனுமதித்துக் குருதி வளர்ப்புச் சோதனை செய்யுங்கள்.

18 வயதுக்குக் குறைந்தவர் என்றால்?

சட்டப்படி சிறுவர், அடித்தவராக இருந்தாலும்கூட. 2018 திருத்தத்துக்குப் பின் இலங்கையில் குற்றப் பொறுப்பு வயது 12. அதற்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைக் குற்றவாளி என்று பி.எச்.ரி.யில் எழுதுவது சட்டப்படியும் பிழை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் 24 மணிநேரமும் உண்டு. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் நன்னடத்தை உத்தியோகத்தரும் இருப்பார்கள். இவர்களின் போன் இலக்கங்களை அவசர சிகிச்சைப் பிரிவுச் சுவரில் ஒட்டி வைப்பது பயிற்சிப் பட்டறை ஒன்றைவிடப் பயன் தரும்.

பெண்பிள்ளைகளின் விடயத்தில் வேறென்ன பார்க்க வேண்டும்?

கழுத்து. நெரிக்கப்பட்டதைப் பலர் சொல்லமாட்டார்கள். குரல் கரகரப்பு, விழுங்கும்போது நோ, கண் வெண்விழியில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் வெளியில் தழும்பே இல்லாவிட்டாலும் கண்காணிப்பில் வையுங்கள். மிரட்டல் போனுக்குள் இருக்கலாம்: படங்களை வெளியிடுவேன் என்பது. செய்திகளை அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு உதவும் வைத்தியசாலை நட்பு நிலையத்துக்கு நீங்களே கூட்டிப் போய் அறிமுகப்படுத்துங்கள்; துண்டு எழுதிக் கொடுத்தால் வழியிலேயே நின்றுவிடும். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938.

அரை மணிநேரப் பேச்சால் ஒருவர் மாறுவாரா?

முழுதாக மாறமாட்டார், ஆனால் சண்டை குறையும். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகர அவசர சிகிச்சைப் பிரிவில் 14–18 வயதினரோடு சுமார் 35 நிமிடம் பயிற்சி பெற்ற ஒருவர் பேசினார். துண்டுப்பிரசுரம் மட்டும் பெற்றவர்களைவிட அவர்களிடம் மூன்று மாதத்தில் அடிதடி குறைந்திருந்ததை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. அறிவுரை சொல்லாமல் கேள்வி கேட்பதுதான் உத்தி. "இந்தச் சண்டையால உமக்குக் கிடைச்சது என்ன, போனது என்ன?" "திருப்பிப் போய் அடிக்காமல் இருக்க உம்மால எவ்வளவு ஏலும், பத்துக்கு எத்தினை?" நான்கு என்றால், ஏன் பத்தில்லை என்று கேட்காதீர்கள், ஏன் இரண்டில்லை என்று கேளுங்கள். அப்போதுதான் தன்னிடமுள்ள காரணத்தை அவரே சொல்வார்: அம்மா, உயர்தரப் பரீட்சை, விளையாட்டுக் கழகம். அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு, அடுத்த முறை கூப்பிட்டால் என்ன சொல்லித் தப்புவது, எந்த வழியால் போவது, யாருக்குப் போன் எடுப்பது என்று அவர் வாயாலேயே திட்டம் போடவையுங்கள்.

கிராமத்தில் வேலை செய்யும் குடும்பநல உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் என்ன செய்யலாம்?

வார்ட்டில் உள்ளவர்களைவிடக் கூட. நியூயோர்க் மாநிலத்தின் எல்மைரா ஊரில் கர்ப்பகாலம் முதல் தாதியர் வீட்டுக்குப் போய்வந்த தாய்மாரின் பிள்ளைகளிடையே 15 வயதில் கைதுகள் குறைவாக இருந்தன. அந்த வீட்டுத் தரிசிப்பு எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. எடையும் தடுப்பூசியும் பார்த்துவிட்டு எழும்பாமல், பிள்ளை அழுதால் யார் என்ன செய்கிறார்கள் என்ற ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும்.

பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 7இலும் 10இலும் நடக்கிறது; சண்டைகள் கனக்கும் வயது அதுதான். பார்வையும் பல்லும் பார்க்கும் வரிசையில், ஒருவருக்கும் கேட்காத மூலையில், "பள்ளிக்கூடம் வரப் பயமாக இருந்த நாள் உண்டோ?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்கலாம். அடிக்கடி வயிற்றுவலி, தலையிடி என்று வகுப்பை விடும் பிள்ளையைச் சீண்டலுக்காகவும் விசாரியுங்கள்.

பிள்ளைகளைச் சிறைச்சாலைக்குக் கூட்டிப் போய்க் காட்டினால் பயப்படமாட்டார்களா?

வேண்டாம். அப்படிப் பயமுறுத்தும் நிகழ்ச்சிகளை ஆராய்ந்த தொகுப்பாய்வுகள், அவற்றுக்குப் போன பிள்ளைகள் போகாதவர்களைவிடக் கூடுதலாகக் குற்றத்தில் மாட்டியதையே காட்டின. வெட்டுக் காயப் படங்களை மண்டபத்தில் ஓடவிடுவதும் அதே ரகம். குழப்படிப் பொடியளை மட்டும் தெரிந்தெடுத்து ஒரு குழுவாக்கிப் புத்திமதி சொல்வதும் ஆபத்து. ஒருவரிடமிருந்து ஒருவர் பழகுவார்கள்.

தொடர் சந்திப்புக்கு யாரும் வருவதில்லையே?

உளவளத்துணைக்கு வா என்றால் வரமாட்டார்கள். இழை வெட்டக் கட்டாயம் வருவார்கள். முகத்தில் சுமார் 5 நாள், மண்டையில் 7 முதல் 10, மூட்டுக்கு மேலே 10 முதல் 14 நாள். ஆகவே இழை வெட்டுவதைப் பக்கத்து மருந்தகத்தில் செய்யச் சொல்லி விடாமல், முதல் நாள் பேசியவரின் கடமை நாளைப் பார்த்துத் திகதி போடுங்கள். அட்டையில் பெயரும் எழுதிக் கொடுங்கள். வரும்போது முதல் கேள்வி காயத்தைப் பற்றியதாக இருக்கட்டும், இரண்டாவது, "அண்டைக்குச் சொன்ன ஆக்கள் பிறகு வந்தவையோ?"